கால் கிலோ 600 ரூபாய் காபி: வாங்கலாமா, வேண்டாமா?

முதலில் ஒரு கேள்வி. பால் ஊற்றித்தான் குடிப்பீர்களா? ஆம் என்றால் உங்களுக்கான பதிலில் பாதி இங்கேயே முடிந்துவிட்டது. எஸ்டேட் பெயர், கடல் மட்டத்திலிருந்து இத்தனை அடி, ஆரஞ்சு மணம், மல்லிகை மணம் என்றெல்லாம் அச்சடித்து இளம் வறுவலில் வரும் கால் கிலோ 600 ரூபாய்ப் பாக்கெட், பெரும்பாலும் பால் சேர்க்காமல் குடிப்பவர்களை மனதில் வைத்து வறுக்கப்பட்டது. அதை நம் ஸ்டீல் ஃபில்டரில் போட்டு டிகாக்ஷன் இறக்கி, முக்கால் தம்ளர் பாலும் ஒன்றரை ஸ்பூன் சர்க்கரையும் சேர்த்தால், எந்த மணத்துக்காகக் காசு கொடுத்தீர்களோ அது பாலுக்குள் காணாமல் போய்விடும், மிஞ்சுவது லேசான புளிப்புதான். "இதுக்கா இவ்வளவு காசு?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். கேட்பதும் நியாயம்.

அதற்காக விலை கூடிய காபி எல்லாமே ஏமாற்று வேலை என்று சொல்ல வரவில்லை. ஒரு விலை வரைக்கும் கூடுதலாகக் கொடுக்கும் காசுக்குத் தம்ளரில் ஏதாவது வந்து சேரும்: சிக்கரி குறையும், பூச்சி அரித்த கொட்டையும் கறுத்த கொட்டையும் குறையும், வறுத்த தேதி பக்கத்தில் வரும். அதைத் தாண்டிப் போனால் காசு அபூர்வத்துக்கும் கதைக்கும் அட்டைப்பெட்டிக்கும் போக ஆரம்பிக்கும். அந்த எல்லை எல்லோருக்கும் ஒரே இடத்தில் இல்லை. உங்கள் எல்லை எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் வேலை, அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறையிலேயே செய்துவிடலாம்.

கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம்

எந்தக் காபியாக இருந்தாலும் முதலில் கிலோ விலைக்கு மாற்றுங்கள், அப்புறம் தம்ளர் விலைக்கு. பாக்கெட்டுகள் 100, 200, 250, 340 கிராம் என்று கண்டபடி வருவதால் அலமாரி முன்னால் நின்று கண்ணால் ஒப்பிடவே முடியாது. கால் கிலோ 600 என்றால் கிலோ 2,400. பக்கத்தில் வறுத்து அரைத்துத் தரும் கடையில் நல்ல தூள் கிலோ 800 என்று வைத்துக்கொள்வோம் (ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும், உங்கள் கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்). ஃபில்டர் காபிக்குத் தம்ளருக்குச் சுமார் 10 கிராம் தூள் பிடிக்கும். ஆக ஒன்று 24 ரூபாய், இன்னொன்று 8 ரூபாய். பாலும் சர்க்கரையும் இரண்டுக்கும் ஒன்றே.

16 ரூபாய் வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் நாலு பேர் இருக்கும் வீட்டில் காலையும் மாலையும் காபி என்றால் நாளைக்கு 8 தம்ளர், 80 கிராம் தூள், மாதத்துக்கு 2.4 கிலோ. 1,920 ரூபாயில் முடிகிற இடத்தில் 5,760 ஆகும். வந்தவர் போனவருக்குப் போட்டது தனி. அதே பாக்கெட்டைத் தனியாக இருக்கும் ஒருவர், காலையில் ஒரே ஒரு தடவை, பால் இல்லாமல் 15 கிராம் போட்டுக் குடித்தால் மாதம் 450 கிராம், 1,080 ரூபாய். அவர் இதற்கு முன் தினமும் ஆபீஸ் பக்கத்து கஃபேயில் 200, 250 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தவர் என்றால் அவருக்கு இது சிக்கனம்கூட. அதனால் "இந்தக் காபி இந்த விலைக்குத் தகுமா" என்ற கேள்விக்கு உங்கள் வீட்டுத் தம்ளர் எண்ணிக்கை தெரியாமல் பதில் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

கிலோ விலைக்கு மாற்றும்போது சில விஷயங்கள் பொட்டில் அடித்த மாதிரி தெரியவரும். மெஷினில் போடும் கேப்சூல் ஒன்றில் சுமார் 5 கிராம் தூள்தான் இருக்கும். ஒரு கேப்சூல் 50 ரூபாய் என்றால் கிலோ 10,000 ரூபாய்க்குக் காபி வாங்குகிறீர்கள், அதுவும் எப்போதோ அரைத்த தூள். கப்பின் விளிம்பில் மாட்டி வெந்நீர் ஊற்றும் டிரிப் பாக்கெட்டும் அப்படித்தான், 10 கிராம் 50 ரூபாய் என்றால் கிலோ 5,000. ஆனால் இந்த டிரிப் பாக்கெட்டை நான் குறை சொல்ல மாட்டேன். கால் கிலோ வாங்கிப் பிடிக்காமல் போவதைவிட, நாலு வகையில் ஒவ்வொன்று வாங்கிக் குடித்துப் பார்ப்பது மலிவு. தினசரிக்கு வேண்டாம், சோதனைக்கு நல்லது.

கஃபே விலை வேறு கணக்கு, அதைக் காபிக் கணக்கோடு சேர்க்கவே கூடாது. டபுள் எஸ்பிரெஸோவுக்குப் போகும் 18 கிராம் கொட்டை, சில்லறை விலையில் வாங்கினாலே 45 ரூபாய்க்குள் அடங்கும். மிச்சம் நாற்காலிக்கு, ஏசிக்கு, வாடகைக்கு, மூன்று மணி நேரம் யாரும் எழுந்திருக்கச் சொல்லாததற்கு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி வந்ததில் உலகச் சந்தையே ஏறி, 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் அராபிகா (காபிச் செடியில் உயர்வாகக் கருதப்படும் வகை) ஒரு பவுண்டுக்கு, அதாவது ஏறக்குறைய 450 கிராமுக்கு, 4 டாலரைத் தாண்டியது. அதில் அதிகம் அடிபட்டது சாதாரணத் தூள்தான், ஏனென்றால் அதன் விலையில் பெரும்பங்கு பச்சைக் கொட்டையின், அதாவது வறுக்காத கொட்டையின் விலை. உயர் ரகப் பாக்கெட்டில் வறுவல், பேக்கிங், கூரியர், லாபம் எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே பெரிய தொகை என்பதால் அங்கே ஏற்றம் அந்த விகிதத்தில் தெரியாது. சில வருடம் முன்பு "அதெல்லாம் நாலு மடங்கு விலைப்பா" என்று நீங்கள் ஒதுக்கி வைத்திருந்தால், இப்போது மறுபடி ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கம் இருக்கும் பிரீமியம், கோல்டு, ராயல், செலக்ட் இதையெல்லாம் கண்ணில் படாதது மாதிரி தாண்டிவிடுங்கள், அவற்றிலிருந்து உங்களுக்கு ஒன்றுமே தெரியவராது. விஷயம் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது.

முதலில் சிக்கரி. சிக்கரி கலந்த காபித்தூளில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும், எவ்வளவு காபி எவ்வளவு சிக்கரி என்று பாக்கெட்டில் போட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அதாவது கிட்டத்தட்ட பாதி சிக்கரியாக இருந்தாலும் சட்டப்படி தப்பில்லை. சிக்கரி ஒரு செடியின் கிழங்கு, குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது, காபியைவிடப் பல மடங்கு மலிவு. நான் சிக்கரிக்கு எதிரி இல்லை. 10, 15 சதவீதம் சிக்கரி இல்லாமல் கள்ளிச் சொட்டு மாதிரி டிகாக்ஷன் வராது என்று நம்புகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது ஒரு ருசி. ஆனால் காபி விலை கொடுத்துக் கிழங்கு வாங்கக் கூடாது இல்லையா? ஒரு அரைக் கிலோ பாக்கெட் 300 ரூபாய், 60 காபி 40 சிக்கரி. இன்னொன்று 360 ரூபாய், 80க்கு 20. முதலாவதில் இருப்பது 300 கிராம் காபி, கிலோவுக்கு 1,000 ரூபாய் விழுகிறது. இரண்டாவதில் 400 கிராம், கிலோ 900. பார்வைக்கு விலை குறைந்த பாக்கெட்டில்தான் காபி விலை அதிகம். சிக்கரிக்கும் கொஞ்சம் விலை போட்டுக் கழித்துப் பார்த்தாலும் இதே கதைதான்.

சில்லறையில் வாங்கும் தூளில் எவ்வளவு கலப்பு என்று சந்தேகம் இருந்தால், கண்ணாடி தம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து மேலாக ஒரு ஸ்பூன் தூவுங்கள், கலக்க வேண்டாம். காபித்தூள் கொஞ்ச நேரம் மேலேயே மிதக்கும். சிக்கரி உடனே கீழே இறங்க ஆரம்பிக்கும், இறங்கும் வழியெல்லாம் பழுப்பு நிறத்தில் கோடு கோடாக இழுத்துக்கொண்டே போகும். சதவீதம் தெரியாது, ஆனால் "சிக்கரியே போடலை சார்" என்று சொல்பவர் நிஜம் சொல்கிறாரா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது தேதி. பேக் செய்த தேதியும் காலாவதித் தேதியும் எல்லாப் பாக்கெட்டிலும் இருக்கும். வறுத்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு காபி கூடுதல் விலைக்குத் தகுதியானதா என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு அடையாளம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும், முதல் சில நாள் அது அடங்கட்டும் என்று விடுவார்கள், அப்புறம் ஒரு மாதம், ஒன்றரை மாதம் வரை நன்றாக இருக்கும். அரைத்துவிட்டால் கணக்கே வேறு, வாசனை நாள் கணக்கில் போய்விடும். வறுத்து ஆறு மாதமான, தூளாகவே வரும் 600 ரூபாய்ப் பாக்கெட்டைவிட, நேற்று வறுத்து உங்கள் கண் எதிரே அரைத்துத் தரும் 800 ரூபாய்க் கிலோத் தூள் நன்றாக இருக்கும் என்று தைரியமாகப் பந்தயம் கட்டலாம். வீட்டில் பார்க்க வழி: தூளின் மேல் கொதி அடங்கிய வெந்நீரைக் கொஞ்சமாக ஊற்றினால், புதுக் காபி பொம்மென்று உப்பி மேலே குமிழி விடும். பழைய தூள் நனைந்த மண் மாதிரி அப்படியே உட்கார்ந்திருக்கும்.

பிளான்டேஷன் ஏ, ஏஏ, பி என்பதெல்லாம் பழச் சதையைக் கழுவி எடுத்துப் பதப்படுத்திய அராபிகாவைச் சல்லடையில் அளவு பார்த்துப் பிரிக்கும் தரங்கள். கொட்டை பெரிதாக, ஒரே அளவாக இருந்தால் ஒரே சீராக வறுபடும், அந்த மட்டுக்கு நல்லது. பெரிய கொட்டை என்பதற்காக ருசி இரண்டு மடங்காகிவிடாது. பீபெரியும் அப்படித்தான்: பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதில் ஒன்று மட்டும் உருண்டையாக விளைந்தது, விளைச்சலில் கொஞ்சம்தான் கிடைக்கும், அதனால் விலை. எங்கள் ஊர்ப் பக்கம் பீபெரி என்றாலே ஒரு மரியாதை. எனக்கு என்னவோ, பால் ஊற்றிய பிறகு பீபெரிக்கும் நல்ல பிளான்டேஷன் ஏவுக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை. "100 சதவீதம் அராபிகா"வும் மயக்கும் வாசகம்தான், மட்டமான அராபிகாவும் நூறு சதவீதம் அராபிகாவே. அதற்கு எதிராக, கழுவிப் பதப்படுத்திய நல்ல ரோபஸ்டா (காபிச் செடியின் இன்னொரு வகை) கொஞ்சம் சேர்ந்தால் பாலைத் தாண்டி நாக்கில் காபி தெரியும், காஃபீனும் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு.

நல்ல அடையாளங்கள் என்றால்: எஸ்டேட் அல்லது ஊர் பெயர், செடியின் ரகம் (எஸ்.795, செலக்ஷன் 9, சந்திரகிரி மாதிரி), எப்படிப் பதப்படுத்தியது, எந்த மகசூல் ஆண்டு. இவ்வளவும் எழுதுகிறவர் கொட்டை எங்கிருந்து வந்தது என்று தெரிந்து வாங்கியிருக்கிறார். நம் நாட்டில் இது புதுப் பழக்கம்தான். 1990களின் தொடக்கம் வரைக்கும் தோட்டக்காரர்கள் விளைச்சலைக் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில்தான் கொடுக்க வேண்டியிருந்தது. சிக்மகளூரில் பார்த்துப் பார்த்து வளர்த்தவர் கொட்டையும் ஏனோதானோவென்று வளர்த்தவர் கொட்டையும் ஒன்றாகக் கலந்துவிடும்போது தோட்டத்தின் பெயரை யார் பாக்கெட்டில் போடுவார்கள்?

ஸ்பெஷாலிட்டி என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு அளவுகோல் இருக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் 100க்கு மதிப்பெண் போட்டு, 80ஓ அதற்கு மேலோ வந்தால் ஸ்பெஷாலிட்டி என்பது தொழிலில் உள்ள வழக்கம். மதிப்பெண்ணை அச்சிட்டிருந்தால் நல்லது, ஆனால் 82க்கும் 86க்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டில் நாம் கண்டுபிடிப்போம் என்று நம்பி 400 ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம்.

கூடுதல் காசு எதற்குப் போகிறது

நியாயமான செலவு எது என்று தெரிந்தால் நியாயமில்லாததைப் பிடிக்கலாம். செடியில் பழங்கள் ஒரே நாளில் பழுப்பதில்லை. சாதாரணமாகப் பச்சை, சிவப்பு எல்லாம் சேர்த்து உருவிவிடுவார்கள். நல்ல காபிக்குச் சிவந்த பழத்தை மட்டும் பறிக்க அதே செடிக்கு மூன்று நாலு தடவை ஆள் போக வேண்டும், கூலியும் அத்தனை தடவை. அப்புறம் பந்தல் மேல் பரப்பி நிழலும் வெயிலுமாக இரண்டு மூன்று வாரம் உலர்த்துவது, உட்கார்ந்து கையால் பழுது பொறுக்குவது. 5, 6 கிலோ பழம் போட்டால் ஒரு கிலோ பச்சைக் கொட்டை தேறும், அதுவும் வறுக்கும்போது 15 முதல் 20 சதவீதம் எடை இழக்கும். இந்தச் செலவு தம்ளரில் வந்து சேரும் செலவு. தாண்டிக்குடிப் பக்கமோ ஏற்காட்டிலோ அறுவடை நேரத்தில் போனால் களத்தில் காயப்போட்டிருப்பதை நேரிலேயே பார்க்கலாம், பச்சையும் கறுப்புமாகக் கலந்து கிடக்கிறதா, ஒரே சிவப்பாகக் கிடக்கிறதா என்று. இரண்டுக்கும் ஒரே விலை சொன்னால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

அனெரோபிக் என்று எழுதியிருந்தால் காற்றுப் புகாத தொட்டியில் நொதிக்கவிட்டது, பலாச்சுளை, ஒயின் மாதிரி தூக்கலான வாசனை வரும். சிலர் மயங்கிப்போவார்கள், சிலர் ஊசிப்போன மாதிரி இருக்கிறது என்று கொட்டிவிடுவார்கள். 100 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். ஹனி என்று போட்டிருந்தால் தேன் எதுவும் சேர்க்கவில்லை, பழத்தின் பிசுபிசுப்பான சதையோடு உலர்த்தியது, அவ்வளவே.

இதற்கு மேல் அபூர்வத்தின் விலை. பனாமாவில் ஒரு தோட்டத்துக் கெய்ஷா ரகம் 2004 ஏலத்தில் பவுண்டுக்கு 21 டாலர் போனபோதே உலகம் வாய்பிளந்தது. 2025இல் அதே நாட்டு ஏலத்தில் கிலோ 30,000 டாலரைத் தாண்டியது. நம் 600 ரூபாய்ப் பாக்கெட்டைப் போல 1,000 மடங்கு விலைக்கு 1,000 மடங்கு ருசி இருக்க நாக்கில் இடம் கிடையாது, அது ஏலம் எடுத்தவரின் விளம்பரச் செலவு. ஜமைக்கா புளூ மவுண்டன் நல்ல, மென்மையான காபிதான், ஆனால் விளைவது கொஞ்சம், அதிலும் பெரும்பகுதியை ஜப்பான் வாங்கிவிடுகிறது, விலை அதனால். இப்படிப் பெயர் பெற்ற ஊரின் பெயருக்குப் பக்கத்தில் "பிளென்ட்" என்று இருந்தால் இன்னும் உஷார்: ஹவாயில் 10 சதவீதம் கோனா காபி இருந்தாலே "கோனா பிளென்ட்" என்று விற்கலாம் என்று நெடுங்காலம் சட்டமே இருந்தது.

மரநாய் தின்று எச்சத்தில் வெளியேற்றிய கொட்டை, கோபி லுவாக், இந்தோனேஷியாவிலிருந்து வருகிறது, குடகிலும் விற்கிறார்கள். வேண்டாம். காட்டில் அலைந்து நல்ல பழமாகத் தேர்ந்து தின்னும் என்பது கதை. விலை ஏறியதும் நடந்தது என்னவென்றால் பிடித்துக் கூண்டில் அடைத்துக் காபிப் பழத்தையே தின்னக் கொடுத்தார்கள். ருசி கொஞ்சம் மந்தமாக, புளிப்புக் குறைவாக இருக்கும், அதற்கு இவ்வளவு மலிவான வழிகள் இருக்கும்போது அந்த விலங்கைப் படுத்த வேண்டியதில்லை.

கண்ணைக் கட்டிக் குடியுங்கள்

இதுதான் முக்கியமான பகுதி, அவசரப்படாமல் செய்யுங்கள். விலை தெரிந்து குடித்தால் 600 ரூபாய்க் காபி எப்போதும் நன்றாகத்தான் இருக்கும், அல்லது எப்போதும் மோசமாகத்தான் இருக்கும், நீங்கள் எந்தக் கட்சி என்பதைப் பொறுத்து. அதனால் தெரியாமல் குடிக்க வேண்டும். தொழில்முறைச் சுவைஞர்களுக்கான உலகப் போட்டியிலேயே வழி இருக்கிறது: மூன்று கோப்பை, இரண்டில் ஒரே காபி, ஒன்றில் வேறு, எது வேறு என்று சொல்ல வேண்டும்.

சமையலறைத் தராசு ஒன்று, ஒரே மாதிரி மூன்று ஸ்டீல் தம்ளர், ஊற்றிக் கொடுக்க ஒரு ஆள். கண்ணாடித் தம்ளர் கூடாது, சிக்கரி இருக்கும் காபி கறுப்பு கூடுதலாகத் தெரிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டீலிலும் எட்டிப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு காபியையும் தனித்தனிப் பாத்திரத்தில் 22 கிராம் தூளுக்கு 400 மில்லி, கொதித்து அரை நிமிடம் ஆறிய வெந்நீர் ஊற்றி 4 நிமிடம் மூடி வையுங்கள். மேலே ஏடு மாதிரி நிற்கும் தூளை ஸ்பூனால் ஒரு கிண்டு கிண்டினால் பெரும்பகுதி அடியில் இறங்கிவிடும், மிச்ச நுரையை எடுத்துவிட்டு வடிகட்டுங்கள். ஊற்றும் ஆள், தம்ளருக்கு அடியில் மார்க்கரால் குறித்துக்கொண்டு, இரண்டில் ஒன்றையும் மூன்றாவதில் மற்றதையும் ஊற்றி இடத்தை மாற்றி வைக்க வேண்டும். நீங்கள் அந்த நேரம் கூடத்தில் இருங்கள்.

சுடச்சுடக் குடிக்காதீர்கள். வெதுவெதுப்பாக ஆகும்போதுதான் நாக்குக்கு வித்தியாசம் பிடிபடும், மட்டமான காபியின் காந்தலும் துவர்ப்பும் ஆறும்போதுதான் வெளியே வரும். சூட்டில் எல்லாக் காபியும் தப்பித்துக்கொள்ளும். உறிஞ்சிக் குடியுங்கள், சத்தம் வந்தால் வரட்டும். நடுநடுவே தண்ணீர்.

ஒரு சுற்றில் குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, அதனால் ஐந்து சுற்று வையுங்கள். ஐந்தில் நாலு சரியாகச் சொன்னால் அது அதிர்ஷ்டமாக இருக்க 100க்கு 5கூட வாய்ப்பில்லை. அதற்குக் குறைவென்றால் வித்தியாசம் இருந்தாலும் உங்களுக்குத் தெரியவில்லை, விலை குறைந்ததையே வாங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, மாதம் மிச்சமாகும் தொகையை நினைத்துக்கொள்ளுங்கள்.

வித்தியாசம் தெரிந்தால் அடுத்த கேள்வி, எது பிடிக்கிறது? இதில்தான் நிறையப் பேர் தடுமாறுவார்கள், புளிப்பும் பழ மணமுமாக இருப்பதுதான் விலை கூடியது என்று ஊகித்து அதைப் பிடித்ததாகச் சொல்லிவிடுவார்கள். யாரும் பரிசு தரப்போவதில்லை, நாளைக் காலையில் எழுந்ததும் எது வேண்டும் என்று மட்டும் யோசியுங்கள். பிறகு அதே சோதனையை, தினமும் குடிக்கிற மாதிரி ஃபில்டர் டிகாக்ஷன், பால், சர்க்கரை எல்லாம் சேர்த்து இன்னொரு நாள் செய்யுங்கள். கறுப்பில் ஐந்துக்கு ஐந்து சொன்னவர்கள் பாலில் தடவுவதைப் பார்க்கலாம். வீட்டுக்கு எதை வாங்குவது என்பதற்கு இந்த இரண்டாம் நாள் முடிவுதான் செல்லும்.

ஒரு எச்சரிக்கை. இன்று பிரித்த விலை கூடிய பாக்கெட்டையும் ஒரு மாதமாகத் திறந்து கிடக்கும் பழைய தூளையும் வைத்து ஒப்பிட்டால் நீங்கள் சோதிப்பது விலையை அல்ல, வயதை. இரண்டும் புதிதாக இருக்கட்டும், அரைவையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கட்டும்.

வாங்குவதற்கு முன்னால் இதைச் சரி செய்யுங்கள்

காபியின் விலையை மூன்று மடங்காக்குவதற்கு முன் தண்ணீரை மாற்றிப் பாருங்கள். போர் தண்ணீரில் உள்ள கார உப்புகள் காபியின் புளிப்பை முறித்துவிடும், இளம் வறுவல் காபியில் நீங்கள் காசு கொடுத்த விஷயமே அந்தப் புளிப்பும் மணமும்தான். உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் கெய்ஷாவும் சப்பென்றுதான் இருக்கும். எல்லா உப்பையும் எடுத்துவிட்ட ஆர்.ஓ. தண்ணீரிலும் சாரம் சரியாக இறங்காது. நல்ல கேன் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர் வரும் ஊர் என்றால் குழாய்த் தண்ணீர், இவற்றில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

அரைவை அடுத்தது. கொட்டையாக வாங்கி மிக்ஸியில் அடித்தால் பாதி மாவாகவும் பாதி நொய்யாகவும் வரும், மாவு கசக்கும், நொய் சாரம் விடாது. கையால் சுற்றும் நல்ல அரவை இயந்திரம் வாங்க மனமில்லை என்றால் கொட்டை வாங்க வேண்டாம், கடையிலேயே அரைத்து, 100, 200 கிராமாக அடிக்கடி வாங்குங்கள். என்னைக் கேட்டால் கிலோ 800 தூளிலிருந்து 2,400க்குப் போவதைவிட, மாதத்துக்கு ஒரு கிலோவாக வாங்குவதை வாரத்துக்குக் கால் கிலோவாக மாற்றுவதில்தான் பெரிய முன்னேற்றம் தெரியும். அதற்குச் செலவும் இல்லை, கடைக்காரர் கொஞ்சம் முறைப்பார், அவ்வளவுதான். வாங்கியதைக் காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் ஈரமும் சாம்பார் வாசனையும் ஏறும்.

பால் காபிக்காரர்கள் ஆசைக்கு ஒருபடி மேலே போக வேண்டுமென்றால், இளம் வறுவல் பக்கம் போகாமல் நடுத்தர வறுவலுக்குக் கொஞ்சம் மேலே, பிளான்டேஷன் ஏவோ பீபெரியோ, கொஞ்சம் கழுவிய ரோபஸ்டா, சிக்கரி 10க்குள் என்று கடையில் சொல்லி அரைத்து வாங்குங்கள். இல்லையென்றால் மான்சூன்ட் மலபார். மேற்குக் கரையில் கிடங்குகளில் பருவமழைக் காற்று படும்படி வாரக்கணக்கில் பரப்பி வைப்பதில் கொட்டை உப்பி, வெளிறி, புளிப்பெல்லாம் போய்விடும். பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் ஈரத்தில் போன காபியின் ருசிக்குப் பழகிய ஐரோப்பியர்கள், நீராவிக் கப்பலும் சூயஸ் கால்வாயும் வந்து பயணம் சுருங்கியதும் பழைய ருசியையே கேட்டதால் வந்த முறை அது. பாலோடு அருமையாகச் சேரும், விலையும் ஆளை விழுங்காது.

சோதனையில் ஒரு விலை கூடிய காபி ஜெயித்தே விட்டாலும் உடனே ஒரு வருடச் சந்தா கட்டிவிடாதீர்கள். இங்கே அராபிகா அறுவடை நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை போகும், அது உலர்ந்து, பிரித்து, வறுப்பவர் கைக்கு வந்து சேரக் கோடை ஆகிவிடும். அதே எஸ்டேட், அதே பாக்கெட், அதே படம் போட்டிருந்தாலும் மழை முன்னே பின்னே போன வருடத்தில் ருசி வேறாக இருக்கும். புது மகசூல் வந்ததும் 100 கிராம் மட்டும் வாங்கி, தம்ளருக்கு அடியில் மார்க்கரால் குறித்து, மறுபடி ஒரு ஐந்து சுற்று வைத்துவிட்டு அப்புறம் கால் கிலோவுக்குப் போங்கள்.